திருச்சி – சிங்கப்பூர்: 2,980 கிலோமீட்டர் என்பது எந்தத் தூரம், நாலேகால் மணி என்பது எந்த நேரம்?

பள்ளத்தூர் மகள்:
அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்ட் மாதம் என் ஆத்தாவை (அம்மாவை) சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். ஆத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. காலையிலும் இரவிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்த்துவிடும். எனவே எங்கள் வளவு வாசலில் கார் ஏறுவது முதல் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுவது வரை உள்ளபடியே எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நாள் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இணையத்தில் தேடியதில் குழப்பம்தான் மிஞ்சியது. ஒரு தளம் தூரம் 2,980 என்கிறது, இன்னொன்று 1,852 என்கிறது, மூன்றாவது 1,609 என்கிறது. பயண நேரம் ஓரிடத்தில் மூன்றரை மணி, ஓரிடத்தில் நாலேகால் மணி. நான் பார்த்து வைத்திருக்கும் பயணச்சீட்டிலோ திருச்சியில் இரவு 1.30க்குப் புறப்பட்டுக் காலை 8.20க்குச் சேரும் என்றும், திரும்பும்போது அங்கே இரவு 10.00 மணிக்குப் புறப்பட்டு இங்கே 11.35க்கு இறங்கும் என்றும் இருக்கிறது. போவதற்கு ஏழு மணி நேரமும் வருவதற்கு ஒன்றரை மணி நேரமும் எப்படி ஆகும் என்று ஆத்தா கேட்கிறார்கள். நேர வித்தியாசம் இரண்டு மணி நேரம் என்று அப்பச்சி (என் அப்பா) சொல்லிக் கேட்டதாகவும், அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது என்றும் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை ஆசிரியர்:
முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் என்ற முறையில் தூரத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், அம்மா. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியானவை. அவை குறிப்பதும் ஒரே தூரத்தைத்தான். 2,980 என்பது கிலோமீட்டர், 1,852 என்பது சாதாரண மைல், 1,609 என்பது கப்பலும் விமானமும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த இரண்டையும் பெருக்கினால் 2.98 வருகிறது. அதனால்தான் இந்தத் தூரத்தை மைலில் சொன்னால் கடல் மைலின் அளவும், கடல் மைலில் சொன்னால் மைலின் அளவும் இலக்கம் மாறாமல் வந்து நிற்கின்றன. சரியாக இந்தத் தூரம் உள்ள ஊர்களுக்கு மட்டுமே இப்படி அமையும். வகுப்பில் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதிக் காட்டி மகிழ்ந்திருப்பேன்.

இது திருச்சி விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை உருண்டையான பூமியின் மேற்பரப்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். அந்த நூல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைத் தாண்டிக் கடல் வழியாகத் தென்கிழக்காகச் சென்று, வங்கக் கடலின் தென்பகுதியைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து, மலாக்கா நீரிணையின் போக்கில் இறங்குகிறது. ஊருக்கும் ஊருக்கும் கணக்கிட்டுக் காட்டும் தளங்களில் நகர மையத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் பத்து, இருபது கிலோமீட்டர் மாறலாம். சாங்கி அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது.

விமானம் இந்த நூலின் மேலேயே பறப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகுக்கப்பட்ட வான்வழிகளில்தான் அது செல்ல முடியும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுதளம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கு ஏற்ப வளைய வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் 2,980ஐவிடக் கூடுதலாகவே இருக்கும்.

புதுவயல் பயணி:
ஆசிரியர் ஐயா தூரத்தைச் சொல்லிவிட்டார்கள். பிழைப்புக்காகப் பல ஆண்டுகளாக இந்தப் பாதையில் போய் வருபவன் என்பதால் நேரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 1.30க்குப் புறப்பட்டு அங்கே காலை 8.20க்குச் சேர்ந்தால், அது நம் கடிகாரத்தில் 5.50. எனவே பயணம் 4 மணி 20 நிமிடம். திரும்பும்போது அங்கே இரவு 10.00 என்பது நமக்கு மாலை 7.30, 11.35க்கு இறங்கினால் 4 மணி 5 நிமிடம். ஏழு மணியும் இல்லை, ஒன்றரை மணியும் இல்லை.

பயணச்சீட்டில் இருக்கும் இந்த நேரம் விமானம் வானில் இருக்கும் நேரம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். திருச்சியில் விமானம் தான் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சாங்கியில் தனக்குரிய வாயிலில் வந்து நிற்கும் நொடி வரையுள்ள நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, அங்கே இறங்கிய பிறகு நெடுந்தொலைவு ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். போதாததற்கு, தாமதமானாலும் குறித்த நேரத்தில் சேர்ந்ததாகக் கணக்குக் காட்டும் அளவுக்கு நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. தளங்கள் காட்டும் மூன்றரை மணி என்பது தூரத்தை வேகத்தால் வகுத்த வெறும் கணக்கு. ஆத்தாவின் சாப்பாட்டு நேரத்துக்கு நீங்கள் நம்ப வேண்டியது நாலேகால் மணியைத்தான்.

காரைக்குடி இளையவன்:
ஒரு சிறு ஐயம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. ஆகவே நாம் சிங்கப்பூரை நோக்கிப் பறக்கும்போது சிங்கப்பூர் விலகிப் போகிறது, திரும்பும்போது திருச்சி எதிரே வருகிறது. போவதற்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதானே?

தேவகோட்டை ஆசிரியர்:
இல்லை, தம்பி. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் ஒருவர் முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் அவருக்கு ஆகும் நேரம் ஒன்றுதான் அல்லவா? நீங்கள் சொல்வதுபோல் இருந்தால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் சுழல்வதால், கிழக்கே போகும் விமானம் எதுவும் ஊர் போய்ச் சேரவே முடியாது. வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. ஆனால் காற்றைப் பொறுத்தவரை எனக்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நம் பாடநூல்களில் உயரத்தில் வீசும் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதாகவும், அதனால் கிழக்கே போகும் விமானங்கள் விரைவாகப் போவதாகவும் படித்திருக்கிறோம். இங்கே கிழக்கே போவதற்கல்லவா கூடுதல் நேரம் காட்டுகிறார்கள்?

கோட்டையூர் வானிலையர்:
வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆசிரியர் ஐயா போட்ட முடிச்சை அவிழ்க்காமல் கடந்துபோக மனம் வரவில்லை. பல பயணிகளும் இதைத் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

கிழக்கே போனால் விரைவு என்பது தில்லி, ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வடக்கு அட்சங்களுக்கு உரிய விதி. நாம் இருப்பது பத்தாவது அட்சத்தில். போகும் இடமோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்குள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரையில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் வீசுகிறது. அதற்கு வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று பெயர். 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்கு அறியச் செய்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத்திய மேட்டுநிலமும் வட இந்திய நிலப்பரப்பும் சூடேறுவதால் அவற்றுக்கு மேலுள்ள காற்றும் வெப்பமாகிறது. தெற்கே பெருங்கடலுக்கு மேலுள்ள காற்றோ ஒப்பீட்டில் குளிர்ந்திருக்கிறது. வழக்கமாக வடக்கே குளிர்ச்சியும் தெற்கே வெப்பமும் இருக்கும் நிலை அந்த மாதங்களில் தலைகீழாகிவிடுவதால், உயரத்துக் காற்றும் திசை மாறிவிடுகிறது.

அந்தக் காற்றின் மையம் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பயணிகள் விமானம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டரில் பறக்கும். அந்த உயரத்திலும் கீழைக் காற்று நன்றாகவே உணரப்படும். ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து மணிக்கு 830 கிலோமீட்டர் என்றும், எதிர்க்காற்று சராசரியாக 50 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 780 ஆகி 2,980 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 49 நிமிடம் ஆகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வேகம் 880 ஆகி 3 மணி 23 நிமிடத்தில் வந்துவிடலாம். காற்றே இல்லையென்றால் 3 மணி 35 நிமிடம். போக்குக்கும் வரவுக்கும் இருபத்தாறு நிமிடம் வேறுபாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆகஸ்ட் மாதத்தில் தரையில் வீசுவது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. திருச்சியின் ஓடுதளம் கிழக்கு மேற்காக அமைந்தது. விமானம் பொதுவாகக் காற்றுக்கு எதிர்முகமாகவே எழும்பும் என்பதால், கிழக்கே போக வேண்டிய விமானம் பெரும்பாலும் மேற்கே பார்த்து எழும்பி, பிறகு வளைந்து திரும்பும். கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று. இரண்டும் அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவர்களுக்குச் சில நிமிடங்களைக் கூட்டவே செய்கின்றன. குளிர்காலத்தில் இந்த ஜெட் காற்று இருக்காது. போக வர நேரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

புதுவயல் பயணி:
ஐயா, இத்தனை ஆண்டுகளாக விடை தெரியாமல் இருந்த கேள்விக்கு இன்று விடை கிடைத்தது. எழும்பும் நேரத்தையும் தரை தொடும் நேரத்தையும் குறித்து வைப்பது என் வழக்கம். ஆடி, ஆவணியில் போகும்போது மட்டும் கால் மணிக்கு மேல் கூடுவதைப் பார்த்து, விமானி மெதுவாக ஓட்டுகிறார் போலும் என்றே நினைத்திருந்தேன்.

கண்டனூர் அண்ணன்:
காரைக்குடியிலிருந்து காலையில் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய் அங்கிருந்து பறப்பதே எங்கள் வீட்டுப் பழக்கம். சிங்கப்பூருக்குச் சென்னைதானே அருகில் இருக்கிறது? கொழும்பு வழியாகப் போனால் கட்டணம் குறைவு என்றும் சிலர் சொல்கிறார்கள். இவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே.

தேவகோட்டை ஆசிரியர்:
ஒப்பிட்டுவிட்டேன், அண்ணே. சென்னையிலிருந்து சாங்கி ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர். திருச்சியைவிட அருகில்தான்; ஆனால் மிச்சமாவது ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வானத்தில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காகத் தரையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும். மதுரையிலிருந்து நேர்கோட்டில் 3,015 கிலோமீட்டர் அளவில் வருகிறது.

கொழும்பு வழி எனக்கே வியப்பளித்தது. திருச்சி – கொழும்பு 420, கொழும்பு – சாங்கி 2,750, கூட்டினால் 3,170. நேர்வழியைவிட 190 கிலோமீட்டர்தான் கூடுதல். தூரத்தை மட்டும் பார்த்தால் சுற்றுவழி என்றே சொல்ல முடியாது. ஆனால் இருமுறை ஏறி இருமுறை இறங்க வேண்டும், இடையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இரண்டு மணியாகவும் இருக்கலாம், எட்டு மணியாகவும் இருக்கலாம். தூரத்தைக் காட்டும் தளம் எதுவும் அதைக் காட்டாது.

கானாடுகாத்தான் வாசகர்:
வயதானவர்களுடன் போகிறவர்கள் இணைப்பு விமானத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மூன்றாண்டுகளுக்கு முன் என் மாமியாரை அழைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தின் இணைப்பு விமானத்தில் போனபோது, முதல் விமானம் ஐம்பது நிமிடம் தாமதமானதால் இரண்டாவது விமானம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் ஓர் இரவு முழுவதும் நிலையத்திலேயே இருந்தார்கள். ஆகாயத்தில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணி கூட இல்லை. பயணம் முடிய இருபது மணி ஆயிற்று.

எங்கள் ஊருக்கு அருகில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் பயனற்றுக் கிடக்கிறது. அது என்றைக்காவது திறக்கப்பட்டால் இந்தக் கணக்கே மாறும் என்று நாங்கள் பேசிக்கொள்வது உண்டு.

கோட்டையூர் வானிலையர்:
அந்த ஓடுதளம் திறக்கப்பட வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அங்கே சிறிய உள்நாட்டு விமானங்கள்தாம் முதலில் வரும். சிங்கப்பூருக்கு அப்போதும் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். திருச்சி நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால், திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக வரும் நாம் நகர நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை.

பாகனேரி ஐயா:
எண்பத்து நான்கு வயதாகிறது; பேரன் தட்டச்சு செய்கிறான். அந்த அம்மாவின் ஆத்தா சொன்ன இரண்டு மணி நேரம் பற்றி எவரும் எழுதவில்லையே என்பதால் எழுதச் சொன்னேன்.

அவர்கள் சொன்னது பிழையன்று. நாங்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் நமக்கு இரண்டு மணி நேரம்தான் முன்னால் ஓடியது. 1982 ஜனவரி முதல் தேதியன்று மலேசியா தன் மேற்குப் பகுதியின் நேரத்தைக் கிழக்குப் பகுதியோடு ஒன்றாக்க அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் உடன் தள்ளிக்கொண்டது. அன்றிலிருந்துதான் இரண்டரை மணி. அந்த அம்மாவின் அப்பச்சி அதற்கு முன்னரே ஊர் திரும்பியிருப்பார்கள்.

நான் முதன்முதலில் போனது நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்) தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நடுக்கடலில் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளி வைப்பார்கள். மார்க்கெட் தெருவில் நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் போய் இறங்கும்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். விமானத்தில் உடம்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆத்தாவுக்கு முதல் இரண்டு நாள் பசியும் தூக்கமும் நம் ஊர் நேரத்துக்கே வரும், வற்புறுத்த வேண்டாம்.

பள்ளத்தூர் மகள்:
ஐயா அவர்களின் பதிவை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பச்சி ஊர் திரும்பியது 1976இல் என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள்.

எல்லோரும் சொன்னதை வைத்து நான் போட்ட கணக்கு இது. இரவு 7.30க்கு வீட்டில் ஊசி, சாப்பாடு. 8.30க்குப் பள்ளத்தூரில் புறப்பாடு. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர், இரவுச் சாலை, ஆத்தாவுக்காக ஓரிடத்தில் நிறுத்தம் எல்லாம் சேர்த்து 10.30க்கு விமான நிலையம். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள் என்பதால் அது சரியாக இருக்கும். 1.30க்குப் புறப்பாடு. நம் நேரம் 5.50க்குச் சாங்கி. குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி நேரம். தம்பி வீடு நாற்பது நிமிடம். ஆக நம் நேரம் காலை 7.30க்கு, சிங்கப்பூர் நேரம் பத்து மணிக்கு, வீட்டுக் கதவு. மொத்தம் பதினொரு மணி நேரம். அதில் வானில் இருப்பது நான்கு மணிக்கும் குறைவு.

இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான இரவுக்குள் பயணம் முழுவதும் அடங்கிவிடுவதால் இந்த விமானத்தையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

புதுவயல் பயணி:
கணக்குச் சரி. ஆனால் சாங்கியில் ஒரு மணி நேரம் என்பதைச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் ஒன்றரையாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி தேவைப்படும் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். இன்சுலினைக் கைப்பையில் மருத்துவர் சீட்டுடன் வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிட வாய்ப்பு உண்டு. பிஸ்கட்டோ வாழைப்பழமோ கையில் இருக்கட்டும். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளத்தூர் மகள்:
அதற்கும் சேர்த்தே எங்கள் மருத்துவரிடம் கேட்டேன். முதல் மூன்று நாட்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு என்று இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிழக்கே போகும் நாள் இருபத்து நான்கு மணிக்குப் பதில் இருபத்தொன்றரை மணியாகச் சுருங்குகிறது என்பதை அவரே முதலில் எடுத்துச் சொன்னார். சீட்டு எடுத்துவிட்டேன்.

பள்ளத்தூர் மகள்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். விமானம் 1.42க்கு நகர்ந்தது, 1.56க்கு எழும்பியது. வானிலையர் ஐயா சொன்னபடியே மேற்கே பார்த்து எழும்பி வளைந்து திரும்பியது. முன் இருக்கைத் திரை எதுவும் இல்லாததால் வழியைப் பார்க்க முடியவில்லை. நம் நேரம் 5.47க்குத் தரை தொட்டது. வானில் 3 மணி 51 நிமிடம். வாயிலில் நின்றபோது 5.58. எட்டு நிமிடத் தாமதம். சக்கர நாற்காலிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதனால் வீட்டுக்கு வந்தபோது நம் நேரம் 8.10. கைப்பையில் இருந்த இரண்டு பிஸ்கட், என் கணக்குக்கு மேல் ஆன அந்த நாற்பது நிமிடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆத்தா கைக்கடிகாரத்தை மாற்றி வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஊசிக்கும் மாத்திரைக்கும் ஊர் நேரமே வசதி என்கிறார்கள். தம்பி பிள்ளைகள் மணி கேட்டால் மட்டும் இரண்டரையைக் கூட்டிச் சொல்கிறார்கள். செப்டம்பர் நடுவில் திரும்புகிறோம். அப்போதும் எழும்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் குறித்து இங்கேயே எழுதுகிறேன்.

கோட்டையூர் வானிலையர்:
நல்லது, அம்மா. செப்டம்பர் நடுவில் கீழைக் காற்று வலுக் குறையத் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும் அளவுக்கு இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். எண்ணைப் பதிவிடும்போது எந்த உயரத்தில் பறந்தது என்று விமானி அறிவித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.